ஐயக்கடன்

டிசம்பர் முப்பத்தொன்று, மாலை ஆறே கால்.
டிஃபூ லேன், கிடங்கின் மேல்மாடி.
கீழே ஃபோர்க்லிஃப்ட்
மல்லி மூட்டைகளை இடம் மாற்றுகிறது.
தும்மிக்கொண்டே
நான் பாக்கிகளுக்கு வயது பார்க்கிறேன்.

முப்பது நாளுக்குள் எண்பத்து நாலாயிரம் வெள்ளி,
நூற்றுக்கு ஒன்று போகும்.
அறுபது நாள், இருபத்திரண்டாயிரம்: நூற்றுக்கு ஐந்து.
தொண்ணூறு நாள், ஒன்பதாயிரம்: ஐந்தில் ஒரு பங்கு.
அதையும் தாண்டி ஆறாயிரத்து இருநூறு.
பாதி வரும்.
எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

கூட்டினால் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
போன ஆண்டு ஒதுக்கியதில் ஒரு காசும் மிச்சமில்லை.
செலவில் பற்று, ஒதுக்கீட்டில் வரவு.
இன்னும் யாரும் கைவிரிக்கவில்லை.
யார் விரிப்பார் என்றும் தெரியாது.
எவ்வளவு என்பது மட்டும் தெரியும்,
பேருந்து கிளம்புமுன்பே
எத்தனை பேர் அதில் தூங்கிப்போவார்கள் என்று
சொல்லிவிடுவதைப் போல.

தணிக்கைக்கு வந்த ஷு ஹுவா,
வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள்,
"பாதி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றாள்.
ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டினேன்.
தலையாட்டிக் குறித்துக்கொண்டாள்.

காட்டாத ஆதாரமும் இருந்தது.
பிடோக் புளோக் 214இல் சாப்பாட்டுக்கடை ஷேக் மதார்.
மாதம் இருபது கிலோ சீரகம் எடுத்தவர்
செப்டம்பரில் இரண்டு கிலோ கேட்டார்,
அதையும் கடனுக்கு.
பகல் ஒரு மணிக்கு நான் போனபோது
நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன.
தேநீர் கொடுத்தார். காசு வாங்கவில்லை.
இதையெல்லாம்
எந்தப் பத்தியில் நிரப்புவது?

ஐயம் என்றால் சந்தேகம்.
அதே சொல்லுக்குப் பிச்சை என்றும் பொருள் இருக்கிறது.
எங்கள் முதலாளிக்கு
இரண்டுமே பிடிக்காது.

பிப்ரவரியில் மறுபடி போனேன்.
கடை இருந்த இடத்தில்
பொம்மை கவ்வும் இயந்திரங்கள் வரிசையாய் மினுங்கின.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன் காசு போட்டான்.
கொக்கி ஒரு கரடியைத் தூக்கிப்
பாதி வழியில் விட்டது.

திரும்பி வந்து எழுதினேன்.
ஒதுக்கீட்டில் பற்று, ஷேக் மதார் கணக்கில் வரவு,
ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
லாபம் ஒரு காசும் அசையவில்லை.
நோவை டிசம்பரிலேயே
பெயரில்லாமல் எழுதி வைத்தாயிற்று.

அன்றிரவு எம்ஆர்டியில்
தம்பிக்குக் கொடுத்த மூவாயிரம் நினைவுக்கு வந்தது.
ஏழு வருடம்.
அதற்கு நூற்றுக்கு எத்தனை என்று
நான் போட்டுப் பார்த்ததே இல்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
பேநவ்வில் ஐம்பது வெள்ளி.
அனுப்பியவர் ஜுலைகா பீவி.
அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு இல்லை.
குறிப்பில் மட்டும்: சீரகம் 1.

"இதர வருமானம்னு போட்டுடும்மா" என்றார் முதலாளி.
முறை அப்படி இல்லை.
தள்ளியதை முதலில் திருப்பி எழுத வேண்டும்.
மூடிய கணக்கைத் திறந்து,
ஆளைப் பழைய இடத்தில் உட்காரவைத்து,
பிறகுதான் கையை நீட்டிப் பணம் வாங்கலாம்.

திருப்பி எழுதுவது ஐம்பதை மட்டுமா, முழுவதையுமா?
விதி என்னைப் பார்க்கிறது,
நான் அந்த ஒன்றைப் பார்க்கிறேன்.
ஒன்று என்று இலக்கமிடுகிறவர் மனத்தில்
இரண்டு இருக்கும்.

ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறையும்
ஷேக் மதார் பெயரில் மீண்டும் ஏற்றினேன்.
டிசம்பரில் ஷு ஹுவா ஆதாரம் கேட்பாள்.
அந்த ஒரு வரியை அச்சிட்டுக்
கோப்பில் வைத்திருக்கிறேன்.